வேலை சொல்லிக்கொடுக்காத சர்க்கார்

அதிகாரவர்க்கம் புழங்குகிற சொற்களிலேயே ரொம்ப சாதுவான சொல் 'பயிற்சி'. இட ஒதுக்கீடு என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூடப் பயிற்சி என்றால் சுளிக்கமாட்டார்கள். "வந்துட்டாங்க சார், இனிமே ட்ரெயினிங் குடுத்துத்தான் சரி பண்ணணும்" என்று பெருந்தன்மையாகப் பேசுகிற மேலதிகாரிகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அந்தப் பெருந்தன்மைக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. நாம் சரிபண்ணப்பட வேண்டியவர்கள். வேறு சிலர் பிறக்கும்போதே சரியாகப் பிறந்து, நாற்காலியில் உட்காரத் தெரிந்து வந்தவர்கள்.

அப்படி யாரும் பிறப்பதில்லை. இந்த நாட்டில் சர்க்கார் வேலையை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், எங்கே கற்றுக்கொடுத்தார்கள், யாருக்குக் கற்றுக்கொடுக்க மறுத்தார்கள் என்று ஒரு வரலாறு இருக்கிறது. தகுதி, திறமை என்று நம்மிடம் பேச வருகிறவர்களிடம் பேச வேண்டியது அந்த வரலாற்றைத்தான்.

கம்பெனிக்காரனிடமிருந்து தொடங்கலாம். 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி, 1806இல் இங்கிலாந்தில் ஹெய்லிபரிக் கல்லூரி, 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது சென்னைக் கல்விச் சங்கம் என்ற பெயரில் பழக்கமானது. தமிழ் உரைநடை வளர்ந்த இடம், தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையைத் தமிழில் தந்த காலம் என்றெல்லாம் இலக்கிய வரலாற்றுத் தாளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அது அடிப்படையில் அரசு ஊழியர் பயிற்சிக்கூடம் என்பதை எந்தப் பேராசிரியரும் அழுத்திச் சொல்லவில்லை. கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்கார இளைஞன் ஜில்லாவுக்குப் போய் வரி வசூலிக்க வேண்டும், வழக்குக் கேட்க வேண்டும். அதற்குத் தமிழும் தெலுங்கும் தெரிய வேண்டும். அவனுக்குப் பாடம் சொல்ல முன்ஷிகளும் புலவர்களும் வேண்டும். அந்தக் கல்லூரிக்கு மூளையாக இருந்தவர் எல்லீஸ்.

இந்த எல்லீசுக்குத் திருக்குறள் சுவடி போய்ச் சேர்ந்த கதையை அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் அது போனது என்கிறார் பண்டிதர். சுவடி நம் வீட்டிலிருந்து போனது. பாடம் சொல்லச் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் முதலியார், பிள்ளை, அய்யர். கந்தப்பன் பட்லராகவே இருந்தார். சர்க்கார் பயிற்சிக்கும் நமக்கும் உள்ள உறவு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

வெள்ளைக்காரனுக்குக் கல்லூரி இருந்தது. கச்சேரியில் அவனுக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதிய நம்மூர் குமாஸ்தாவுக்கு எது கல்லூரி? வீடுதான். அதற்கடுத்து உமேதுவார் முறை. உமேதுவார் என்றால் வேலைக்குக் காத்திருப்பவன். சம்பளம் கிடையாது. சிரஸ்தாரின் தம்பி மகன், ஹெட் கிளார்க்கின் மச்சினன் கச்சேரியில் வந்து உட்காருவான். மாமா எழுதுகிற அர்ஜியைப் பார்த்து எழுதுவான், ஜமாபந்திக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பான். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து ஒரு இடம் காலியானால், வேலை தெரிந்தவன் யார் என்று கலெக்டர் கேட்டால், தெரிந்தவன் அவன் ஒருவன்தான். திறமை எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். கூலியில்லாமல் மூன்று வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வயிற்றுக்குச் சோறு வேண்டும், உட்காரத் திண்ணை வேண்டும், திண்ணையில் ஏற விடுகிற சாதி வேண்டும்.

இது நம் கற்பனை இல்லை. குண்டூர் ஜில்லாவின் 1788 முதல் 1848 வரையிலான கச்சேரி வரலாற்றை ஃப்ரைகன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். உறவுக்காரர்களாகப் பின்னிக் கிடந்த கச்சேரி ஊழியர்கள் சேர்ந்து, வரி வருமானம் என்ன ஆகிறது என்பதைக் கலெக்டருக்கே தெரியாமல் மறைத்துவைத்த கதை அது. கம்பெனிக்கும் இது உறைத்தது. 1854இல் சென்னை வருவாய் வாரியம் 128ஆம் எண் நிலையாணையைப் போட்டது. ஜில்லா வேலைகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடாமல் கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமான பதவிகளைப் பல சாதிகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கோட்டைக் கல்லூரியை மூடியதும் அதே 1854இல்தான். இட ஒதுக்கீட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஆணையைப் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் 'பல சாதிகள்' கணக்கில் சேரி வரவில்லை. நாம் அப்போது கச்சேரிக்கு வெளியே வெட்டியானாகவும் தலையாரியாகவும் ஓடிக்கொண்டிருந்தோம். அந்த வேலைக்கும் பயிற்சி தேவையில்லை என்று சர்க்கார் கருதியது. பிறப்பே போதும்.

எண்ணிக்கையில் நமக்கு முதலில் ஒரு இடம் ஒதுங்கியது நீதிக்கட்சிக் காலத்து வகுப்புவாரி ஆணைகளில்தான். முத்தையா முதலியார் முயற்சியில் 1928இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, பன்னிரண்டு வேலை இருந்தால் அதில் ஒன்று தாழ்த்தப்பட்டவருக்கு. சரி, நாற்காலி கிடைத்தது. உட்காருகிறவனுக்கு வேலையைச் சொல்லிக்கொடுப்பது யார்? முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறவன்தான். அவன் சொல்லிக்கொடுப்பானா?

இதற்குப் பக்கத்து பம்பாய்ப் பக்கத்திலிருந்து இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. இரண்டையும் பதிவு செய்தவர் அம்பேத்கர். ஒன்று அவருடைய சொந்தக் கதை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போய்ப் படித்தவர், ஒப்பந்தப்படி அந்த சமஸ்தானத்தில் வேலை பார்க்க 1917இல் வந்தார். பின்னால் நிதியமைச்சராக்கலாம், அதற்கு முன் நிர்வாகம் பழகட்டும் என்பது மன்னரின் திட்டம். அதாவது அவர் பயிற்சிக்கு வந்த அதிகாரி. பியூன்கள் கோப்புகளைத் தூர நின்று மேசைமேல் வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்குவதற்கு அறை கொடுக்க எவனும் இல்லாமல் பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கி, பதினோராம் நாள் தடிக்கம்புகளோடு வந்தவர்களால் துரத்தப்பட்டார். இது தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகியது.

இரண்டாவதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் இதில் வருகிறவர் கொலம்பியாவில் படித்தவர் இல்லை. நம்மில் ஆயிரக்கணக்கானோரைப் போல ஒரு சின்ன உத்தியோகத்துக்குப் போனவர்.

பார்மர் காளிதாஸ் சிவராம். பங்கி சாதி, மலம் அள்ளுகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதி. பம்பாயில் வளர்ந்தவர். 1933இல் வட்டாரமொழி இறுதித் தேர்வில் தேறினார். நாலாம் வகுப்பு வரை இங்கிலீஷ். விண்ணப்பம் போட்டு, குஜராத்தின் கேடா ஜில்லா, போர்சாத் தாலுகாவில் தலாத்தி வேலை வாங்கினார். தலாத்தி என்றால் நம் ஊர்க் கணக்கர் மாதிரி. 1936 பிப்ரவரி 19இல் மாம்லத்தார் கச்சேரியில் சேர்ந்தார். மாம்லத்தார் நம் தாசில்தார். விண்ணப்பத்திலேயே சாதியைக் குறிப்பிட்டிருந்ததால் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று வெகுளியாக நம்பிப் போனார். சார்ஜ் எடுக்கப் போன இடத்தில் குமாஸ்தா நீ யார் என்று கேட்டார். சொன்னதும் தூரப் போய் நில் என்று சீறினார். சான்றிதழையும் நியமன ஆணையையும் தரையில் போடச் சொல்லி, அதன்பிறகு எடுத்துக்கொண்டார். சர்க்கார் ஆணை, சர்க்கார் முத்திரை, தரையில் கிடந்து மேலே போனது.

தண்ணீர் குடிக்க அவருக்கு மட்டும் ஒரு துருப்பிடித்த குவளை. அதைத் தவிர மற்ற எதையும் தொட்டால் தீட்டு. தண்ணீர்க்காரன் மனமிருந்தால் அதில் சொட்டுவிடுவான். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. கடையில் பஜ்ஜி வாங்கி ஊருக்கு வெளியே ஒதுங்கித் தின்றுவிட்டுக் கச்சேரித் தாழ்வாரத்திலேயே படுத்திருக்கிறார். அதன்பிறகு தன் முன்னோர் கிராமமான ஜென்த்ராலிலிருந்து நடந்து வந்து போயிருக்கிறார். ஒன்றரை மாதம் இப்படிப் போனபின், வேலை கற்றுக்கொள்வதற்காக மாம்லத்தார் அவரை மூன்று கிராமங்களுக்குப் பொறுப்பான ஒரு தலாத்தியிடம் அனுப்பினார். இதுதான் அவருடைய பயிற்சிக் காலம். இரண்டு மாதம். அந்தத் தலாத்தி ஒன்றையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று காளிதாஸ் பின்னால் சாட்சி சொன்னார். கிராமக் கச்சேரிக்குள் ஒருமுறைகூடக் கால்வைக்க முடியவில்லை. உன் அப்பனும் அண்ணனும் பெருக்குகிற கச்சேரியில் நீ சமமாக உட்காரப் பார்க்கிறாயா என்று ஊர்த் தலைவன் மிரட்டினான்.

ஒருநாள் சைஜ்பூர் கிராமத்துக்கு மக்கள்தொகைப் பட்டியல் தயாரிக்க வரச் சொன்னார்கள். போனார். தலைவனும் தலாத்தியும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலருகே நின்று வணக்கம் சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் நின்றார். அலுத்துப்போய் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. முன்னால் வந்தவன் யார் தெரியுமா, கிராம நூலகத்தின் நூலகர். படித்த மனுஷன். நாற்காலி அவருடையதாம். நாற்காலியைப் பிடுங்கினார்கள். தரையில் உட்கார்ந்தார். கூட்டம் உள்ளே புகுந்து சூழ்ந்துகொண்டு, வெட்டுவோம் என்றது.

அப்போது காளிதாஸ் செய்த காரியத்தைப் பாருங்கள். ஒரு காகிதம் கேட்டு வாங்கி, தன் பேனாவால், சுற்றி நிற்கிறவர்களுக்குப் படிக்கத் தெரியும்படி பெரிய எழுத்தில், மாம்லத்தாருக்கு ஒரு மனு எழுதினார். பெறுநர் உண்டு, வணக்கம் உண்டு, பணிவோடு தெரிவித்துக்கொள்வது உண்டு. தன்மேல் மரணம் வந்துகொண்டிருக்கிறது, தன் பெற்றோருக்குச் சாவைத் தெரிவித்துவிடுங்கள் என்பது விஷயம். நூலகர் அதைப் படித்துவிட்டுக் கிழிக்கச் சொன்னார். கிழித்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினார். சாயங்காலம் ஏழு மணி வரை வைத்திருந்து விட்டார்கள். பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு பம்பாய்க்கு, பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். 1938 மார்ச் 6இல் தாதரில் நடந்த கூட்டத்தில் இதையெல்லாம் அவரே சொன்னார்.

அந்த மனுவைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு சர்க்கார் கடிதம் எழுதத் தெரிந்திருக்கிறது. சாகப்போகிற நேரத்திலும் வடிவம் பிசகவில்லை. இவரைத்தான் வேலை தெரியாதவர் என்று கற்றுக்கொள்ள அனுப்பினார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், குஜராத், இப்போது அப்படியா என்று கேட்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1980களில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். ஊரும் பேரும் போடவேண்டாம் என்றார். அவர் பேசியதை அவர் பேச்சிலேயே தருகிறேன்:

"மொத நாளு ஒரு சீட்டக் காட்டி ஒக்காருன்னாங்க. மேசமேல கட்டுக்கட்டா பைலு. சூப்பிரண்டு வந்து, 'நோட் போட்டு வையிய்யா'ன்னுட்டுப் போயிட்டாரு. நோட்டுன்னா எனக்குப் பள்ளிக்கூட நோட்டுதான் தெரியும் தம்பி. பக்கத்து சீட்டுல கேட்டா, 'டி.ஓ.எம். படிக்கலியா'ன்னு சிரிக்கிறாரு. அவுங்கப்பா அதே டிபார்ட்மென்ட்டுல ஹெட் கிளார்க்கா இருந்தவரு. அவுங்க வூட்ல சோறு துன்றப்பவே செவன்டீன் பி பேசியிருப்பாங்க. எங்க வூட்ல இன்னா பேசுவாங்க? நாளைக்கு யாரு கழனியில நடவுன்னு பேசுவாங்க."

டி.ஓ.எம். என்பது மாவட்ட அலுவலக நடைமுறை நூல். டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரி பெயரால் வழங்கும் முறை அது. தபால் வந்தால் எப்படிப் பதிவது, தன்பதிவேடு எப்படிப் பராமரிப்பது, எந்தக் கோப்பை ஓராண்டு வைப்பது, எதைப் பத்தாண்டு வைப்பது, எதை நிரந்தரமாக வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. செவன்டீன் பி என்பது ஒழுங்கு நடவடிக்கை விதியில் பெரிய தண்டனைக்கான பிரிவு. இதெல்லாம் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். அந்தப் 'யாராவது' இல்லாததுதான் விஷயம்.

பெரியவர் வேலை கற்றது பதிவறையில். அங்கே இருந்தவரும் நம்மாள். ஐந்து மணிக்கு மேல் பழைய பத்தாண்டு முடிவுக் கட்டுகளை அவிழ்த்து, இன்ன விஷயத்துக்கு இன்னமாதிரி நோட் எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். ஆறு மாதம். செத்துப்போன குமாஸ்தாக்கள் சொல்லிக்கொடுத்தார்கள், உயிரோடிருந்தவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்கடுத்தது துறைத் தேர்வு. தேர்வாணையம் வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துவது. கணக்குத் தேர்வில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். வெளியாட்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும், பார்த்து எழுதுவதில் என்ன பெயிலாவது என்று. பெயிலானவர்களைக் கேட்டால் தெரியும். விதித் தொகுப்பு தடிதடியாக இருக்கும், எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று விரல் அறிந்திருக்க வேண்டும். பெரியவர் சொன்னார்: "புக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. அவங்க புக்குல ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கும்." மாமன் எழுதிய பென்சில் குறிப்பு. உமேதுவார் முறை எங்கும் போய்விடவில்லை.

துறைத் தேர்வு என்ற இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான் இந்திய அரசியல் சட்ட வரலாற்றின் பெரிய தீர்ப்புகளில் ஒன்று வந்தது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கேரள அரசு எதிர் என்.எம். தாமஸ். கேரளத்தில் கீழ்நிலை எழுத்தர் மேல்நிலை எழுத்தர் ஆக வேண்டுமானால் துறைத் தேர்வுகளில் தேற வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி எழுத்தர்கள் தேறாமல் வருஷக்கணக்கில் கீழேயே தேங்கிக் கிடந்தார்கள். அரசு விதியில் 13ஏஏ என்று ஒன்றைச் சேர்த்து, 1972 ஜனவரியில் அவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்தது. தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. பதவி உயர்வை இப்போது வாங்கிக்கொள், தேர்வைப் பிறகு எழுது என்றது. பதிவுத்துறையில் அந்த வருஷம் 51 இடத்தில் 34 இடம் நம்மவர்களுக்குப் போனது. தேர்வில் தேறியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. உச்சநீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள். 1975 செப்டம்பர் 19இல் ஐந்து பேர் விதி செல்லும் என்றார்கள், கன்னாவும் குப்தாவும் செல்லாது என்றார்கள். சமத்துவம் என்றால் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது மட்டும் அல்ல என்று மேத்யூவும் கிருஷ்ணய்யரும் எழுதியது இன்றைக்கும் நமக்கு ஆயுதம்.

தீர்ப்பைக் கொண்டாடுகிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவகாசம் சரியா தப்பா என்பதில்தான் வாதம் முழுக்கச் சுழன்றது. அந்த 34 பேரும் தேறாதது ஏன், அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது மையக் கேள்வியாகவே வரவில்லை. காலத்தை நீட்டினால் போதுமா? போர்சாத்தில் இரண்டு மாதம் என்பதை இரண்டு வருஷமாக நீட்டியிருந்தால் காளிதாஸுக்கு அந்தத் தலாத்தி சொல்லிக்கொடுத்திருப்பானா?

அந்த அவகாசத்தையும் விட்டுவைக்கவில்லை. பதவி உயர்வுத் தேர்வுகளில் தகுதி மதிப்பெண்ணைக் குறைப்பது கூடாது என்று வினோத் குமார் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் சொல்லியது. 1997இல் மத்திய அரசு சலுகையைத் திரும்பப் பெற்றது. அதை மீட்க 2000இல் 82ஆவது திருத்தம் கொண்டுவந்து, 335ஆம் பிரிவில் ஒரு வாசகம் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவில்தான் 'நிர்வாகத் திறன்' என்ற வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. நமக்கு எதிரான வழக்குகளில் அந்த ஒரு வார்த்தையை வைத்து எவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறார்கள்! 2019 மே மாதம் கர்நாடக ஊழியர் வழக்கில்தான், திறன் என்பதை எல்லோரையும் உள்ளடக்குவதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் நிதானமாகப் பேசியது.

முறையான பயிற்சி இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேலே உள்ளவர்களுக்கு 1959இலிருந்து முசோரி இருக்கிறது. நம்மூர் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகர் இருக்கிறது. அணைக்குப் பக்கத்தில் தங்கி, விதிகளும் கணக்கும் படித்துவிட்டு வருவார்கள். என் வயது நண்பர்கள் பலர் போய் வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது நல்லதாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டில் கிடைக்காதது அங்கே வகுப்பில் கிடைக்கிறது, ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் உட்காருகிறார்கள். சேர்ந்து எவ்வளவு காலம் கழித்து அனுப்புகிறார்கள் என்பதில்தான் விளையாட்டு. "சீட்டைப் பாக்க ஆள் இல்ல, அடுத்த பேட்ச்ல போ" என்று ஒரு தோழியை அவள் அலுவலகத்தில் மூன்று முறை நிறுத்தி வைத்தார்கள். தகுதிகாண் பருவம் அவளுக்கு இழுத்துக்கொண்டே போனது. தாமதம் அவள் கணக்கில் எழுதப்பட்டது.

பாடத்தில் என்ன இருக்கிறது என்பது அடுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடுகிற, பட்டியல் சாதியல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை என்கிறது. அரசு ஊழியர் ஒவ்வொருவரும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய பிரிவு. பயிற்சி முடித்துவிட்டு வந்த நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். செவன்டீன் பி எல்லோருக்கும் தெரிகிறது. நாலாம் பிரிவு இரண்டு பேருக்குத் தெரிந்தது, இரண்டு பேரும் நம்மவர்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு ஊழியர் பயிற்சிக்குப் பெரிய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்து, அதற்குக் 'கர்மயோகி' என்று பேர் வைத்தது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று நம்மிடம் சொல்லியே ஈராயிரம் வருஷம் ஆயிற்று. வேறு பேரே கிடைக்கவில்லையா?

அரசு ஊழியர் என்றால் மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் மட்டும்தானா? நகராட்சியில் விடியற்காலை சாக்கடையில் இறங்குகிறவரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்தான். இப்போது பாதிப்பேரை ஒப்பந்தக்காரன் கையில் தள்ளிவிட்டார்கள், அது தனிக் கதை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது என்று இரண்டாவது சட்டம் சொல்லுகிறது. செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, எவ்வளவு நேரம் மூடியைத் திறந்து வைப்பது, மயங்கினவனை வெளியே இழுப்பது எப்படி என்பதெல்லாம் நிஜமாகவே பயிற்சி தேவைப்படுகிற வேலை. கோப்பு தப்பாகப் போனால் ஒரு மெமோ வரும். இங்கே தப்பினால் உயிர் போகும்.

எங்கள் பக்கத்து நகராட்சியில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம், வேலையில் சேர்ந்தபோது என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"யாரு சொல்லிக்குடுத்தா? எங்க மாமியா கூட ரெண்டு நாளு போனேன். மூணாம் நாளு அது வூட்ல ஒக்காந்துக்கிச்சு, நான் போனேன்."